பரணில் ஏறிய ஆசைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பதினெட்டு ஆண்டுகளாக மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நான், அந்தக் காலத்துக்குள் ஆசையாகத் தொடங்கிப் பாதியில் விட்ட பதினொரு பொழுதுபோக்குகளைச் சென்ற இதழில் கணக்கெடுத்து எழுதியிருந்தேன். மீன் தொட்டி, புல்லாங்குழல், கணினி விசைப்பலகை கட்டுதல், காகிதம் மடித்தல், தொலைநோக்கி, விரிஞ்சிபுரம் கோயிலின் நேரங்காட்டிக் கல்லுக்குக் கணினி நிரல் எழுதியது என்று நீண்ட அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுச் சிலர் ஆறுதல் சொல்லியும், சிலர் கடிந்துகொண்டும், சிலர் 'எங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார்' என்று முறையிட்டும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான கடிதங்கள் வேலூர், காட்பாடி, ஆற்காடு வட்டாரத்திலிருந்தே வந்திருப்பதால், பதிலும் அந்த மண்ணைச் சுற்றியே அமைகிறது.

கேள்வி: கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எதைத் தொடங்கினாலும் ஒரு மாதத்தில் சலித்துவிடுகிறது. 'நுனிப்புல் மேய்கிறாய்' என்கிறார் அப்பா. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கே இது ஒரு நோயா?
(குடியாத்தத்திலிருந்து ஒரு மாணவர்)

பதில்: தம்பி, நோய் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் தொழிலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. எங்கள் வேலையில் புதிதாக ஒரு மொழியோ கருவியோ வந்தால் பத்து நாளில் அதைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். ஓராண்டு கழித்து அதை ஓரம் வைத்துவிட்டு வேறொன்றைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பழகிய மனத்துக்கு எந்த வித்தையிலும் முதல் சில வாரங்கள்தான் ருசி. புல்லாங்குழலில் முதல் வாரம் வெறும் காற்று வந்தது, இரண்டாம் வாரம் ஓசை வந்தது, மூன்றாம் வாரம் ஏழு ஸ்வரமும் ஏறத்தாழ வந்துவிட்டன. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்குச் சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சிதான் என்று ஆசிரியர் சொன்ன அன்றுதான் என் கால் பின்வாங்கியது.

இன்னொரு காரணமும் உண்டு. நாள் முழுவதும் எழுதுவதைக் கையால் தொட முடியாது என்ற குறை எங்களில் பலருக்கு இருக்கிறது. விசைப்பலகை கட்டியபோது எனக்குக் கிடைத்த நிறைவு அந்தக் குறையிலிருந்து வந்ததுதான். ஒரு விசைக்கு இரண்டு கால் என்ற கணக்கில் 87 விசைகளுக்கு 174 இடங்களில் ஈயத்தை உருக்கி ஒட்டும் சோல்டரிங் செய்ய வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் குனிந்த தலை நிமிராமல் செய்து முடித்து, கணினியில் சொருகித் தட்டிப் பார்த்தால் 'ழ' மட்டும் விழவில்லை. 173 இடம் சரியாகப் பிடித்து ஒரே ஓர் இடத்தில் ஈயம் ஒட்டாமல் வெறுமனே மேலே உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சூடு வைத்து, 'ழ' திரையில் விழுந்த நொடியில் அடைந்த மகிழ்ச்சியை அலுவலகத்தில் எந்தத் திட்டம் முடிந்த நாளிலும் நான் அடைந்ததில்லை.

சில ஆசைகள் இடத்தோடு ஒட்டியவை என்பதையும் கவனியுங்கள். நான்கு ஆண்டுகள் சீசன் டிக்கெட் வாங்கிக்கொண்டு காட்பாடியிலிருந்து சென்னைக்கு, ஒரு வழிக்கு 130 கிலோமீட்டர், தினமும் போய் வந்தேன். சுற்றியிருந்தவர்கள் சீட்டாட, நான் பழைய செய்தித்தாளில் கொக்கும் தவளையும் மடித்துக்கொண்டிருந்தேன். வாலாஜா ரோடு வருவதற்குள் ஒரு கொக்கு முடிந்துவிடும். 2020-இல் வேலை வீட்டுக்கு வந்தது, பயணம் நின்றது, அதன் பிறகு ஒரு காகிதத்தையும் நான் மடிக்கவில்லை. விட்டது நானா, ரயிலா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

உங்கள் அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நுனிப்புல் மேய்வதை நான் குறையாக எண்ணவில்லை. எந்த வயலில் எதுவரை மேய்ந்தோம் என்பதே நினைவில்லாமல் போவதுதான் நட்டம். அலுவலகத்தில் ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தும்போது, அடுத்து வருகிறவருக்காக ஒரு குறிப்பு எழுதி வைப்போம். பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து வருகிற அந்த அடுத்தவர் நாமாகவே இருப்போம். அதே பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து, ஒரு நீள நோட்டில் 'விட்ட பக்கம்' என்று தலைப்பிட்டு எழுதுகிறேன். எதுவரை வந்தேன், அடுத்து என்ன செய்ய இருந்தேன், சாமான்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்ற மூன்றும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். சலிப்பு வந்த அன்றே அதை எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் பாதி மறந்துவிடுகிறது.

கேள்வி: என் கணவரும் மென்பொருள் வேலைதான். கிதார், கியர் சைக்கிள், கேமரா, அதற்கு மூன்று லென்சு எல்லாம் வாங்கியாயிற்று. எல்லாம் பரணில் இருக்கின்றன. இப்போது டிரோன் வாங்க வேண்டும் என்கிறார். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 'பார், பத்திரிகையிலேயே வந்திருக்கிறது' என்று வேறு சொல்கிறார். இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.
(சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: சகோதரி, என் எழுத்து அவருக்குச் சாட்சியாகப் போனதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். சென்ற இதழில் நான் எழுதாமல் விட்ட ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் என் மனைவி விதித்த சட்டம் ஒன்று இருக்கிறது: எந்தப் புது ஆசைக்கும் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், இரவல் சாமானில்தான் காலம் தள்ள வேண்டும், மண்டலம் முடிந்தும் ஆசை குறையாமல் இருந்தால் மட்டும் வாங்கலாம். இந்தச் சட்டம் வந்த பிறகு நான் ஆசைப்பட்ட ஏழு பொருள்களில் இரண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தன. மற்ற ஐந்தும் முப்பதாவது நாளைக்கூடத் தாண்டவில்லை.

கருவியை வாங்கும்போது அந்த வித்தையே பாதி கைவந்துவிட்டதுபோல ஒரு மயக்கம் ஏற்படுகிறது. கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே டிரோனுக்கு முன்னால் பரணில் இருக்கிற நான்கையும் கீழே இறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் அவரே ஒரு 'விட்ட பக்கம்' எழுதட்டும். எதற்கு எழுத ஒன்றும் இல்லையோ அதை விற்றுவிடலாம். சைக்கிளை மட்டும் அவசரப்பட்டு விற்காதீர்கள். பாலாற்றுப் பாலத்தில் அதிகாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவதை நான் பார்க்கிறேன், அவர்களோடு ஒரு நாள் சேர்ந்துவிட்டால் அவருடைய ஆசை மறுபடி எழுந்தாலும் எழும்.

கேள்வி: நேரங்காட்டிக் கல்லைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, மாசி மாதம் பிறந்த மறுநாள் விரிஞ்சிபுரம் போனேன். கைப்பேசியில் காலை மணி பத்து. கல்லில் நிழல் ஒன்பதரையை ஒட்டித்தான் விழுந்தது. கல் தவறா, நீங்கள் எழுதியது தவறா?
(அணைக்கட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டும் தவறில்லை, உங்கள் கைப்பேசியும் தவறில்லை. இந்தக் கடிதத்துக்காகவே நான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று சொல்லலாம்.

அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயில், 'மதிலழகு' என்று பெயர் வாங்கிய கோயில். உள்ளே தெற்குப் பக்கத்தில் ஒரு கல்லில் பிறைவடிவக் கோடும் அதன்மேல் மணி எண்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மேலேயுள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் விழுகிற எண்தான் நேரம். இருபத்துநான்கு நிமிடம் கொண்ட நாழிகைக் கணக்கில் இல்லாமல் மணிக்கணக்கிலேயே எண்கள் இருப்பதால் யாரும் படித்துவிடலாம்.

அந்தக் கல் காட்டுவது விரிஞ்சிபுரத்துச் சூரியனின் நேரம். உங்கள் கைப்பேசி காட்டுவதோ, கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து 1906 முதல் நாடு முழுவதற்கும் வகுத்த பொது நேரம். விரிஞ்சிபுரம் ஏறத்தாழ 79 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பதால், மூன்றரைப் பாகைக்குப் பதினான்கு நிமிடம் நம் சூரியன் எப்போதும் பின்தங்கித்தான் வருவான். இது மாறாத கணக்கு.

மாறுகிற கணக்கு ஒன்றும் இருக்கிறது. பூமியின் பாதை சரியான வட்டமில்லாததாலும், அதன் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதாலும், ஒரு நடுப்பகலிலிருந்து அடுத்த நடுப்பகல் வரை எல்லா நாளும் இருபத்துநான்கு மணி நேரமாகவே இருப்பதில்லை. நாளுக்குச் சில நொடிகளாகச் சேருகிற இந்த வேறுபாடு பிப்ரவரி நடுவில் சூரியனைப் பதினான்கு நிமிடம் தாமதமாக்குகிறது. நவம்பர் தொடக்கத்தில் பதினாறு நிமிடம் முந்த வைக்கிறது. மாசி பிறப்பது பிப்ரவரி நடுவில்தானே? பதினான்கும் பதினான்கும் இருபத்தெட்டு நிமிடம், அதாவது ஒரு நாழிகைக்கும் சற்று மேல். நீங்கள் பார்த்த ஒன்பதரை மிகச் சரியான ஒன்பதரை. ஐப்பசி மூன்றாம் வாரத்தில் அதே பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். கல் உங்கள் கைப்பேசியை இரண்டு நிமிடம் முந்தியிருக்கும். குச்சி சற்றுச் சாய்ந்தாலே சில நிமிடம் மாறிவிடும் என்பதால், அந்த இரண்டு நிமிடத்தைக் கண்ணால் காண்பது அரிது. ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் காண்பீர்கள்.

இதற்கு நான் எழுதிய நிரலின் கதையையும் சொல்லிவிடுகிறேன். தேதியைக் கொடுத்தால் கல்லில் நிழல் எங்கே விழும் என்று சொல்லும் சிறிய நிரல். நாற்பது வரிகூட இருக்காது. எழுதி முடித்தது சித்திரைப் பிறப்பு அன்று. மறுநாளே போய் ஒப்பிட்டுப் பார்த்தேன். நிரல் சொன்ன இடத்திலேயே நிழல் விழுந்தது. பெருமையோடு திரும்பி வந்து, நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். அதே ஆண்டு ஐப்பசியில் உறவினர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய் நின்றால், என் நிரலுக்கும் கல்லுக்கும் அரை மணி நேரம் இடைவெளி. மாறுகிற கணக்கைக் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறேன். பதினாறு நிமிடத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்தால் முப்பத்திரண்டு நிமிடம் தவறத்தானே செய்யும்? சித்திரையில் ஏன் சரியாக வந்தது என்றால், ஆண்டில் நான்கு நாள்களில் அந்தக் கணக்கு பூச்சியமாகிவிடுகிறது. அவற்றில் ஒன்று ஏப்ரல் 15. பூச்சியத்தைக் கூட்டினாலும் கழித்தாலும் விடை ஒன்றுதான். தவறு ஒளிந்துகொள்ளக்கூடிய வாரமாகத் தேடிப் பிடித்துப் பரிசோதனை செய்திருக்கிறேன்.

அந்த வெட்கத்திலேயே நிரலை விட்டுவிட்டேன். ஆனால் நோட்டில் 'கூட்டலா கழித்தலா பார்க்கவும், மாசியில் மறுபடி போகவும்' என்று ஒரு வரி எழுதி வைத்திருந்ததால், மூன்று ஆண்டு கழித்து ஒரு விடுமுறை நாளில் அந்தப் பக்கம் கண்ணில் பட, பத்தே நிமிடத்தில் திருத்திவிட்டேன். மாசியில் போக முடியாமல் வேலை வந்துவிட்டது. என் சார்பில் நீங்கள் போய்ச் சரிபார்த்திருக்கிறீர்கள். நோட்டில் உங்கள் ஊர்ப் பெயரோடு அதைக் குறித்துக்கொண்டேன்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் தொலைநோக்கி கேட்கிறான். '525 மடங்கு பெரிதாக்கும்' என்ற விளம்பரத்தைக் காட்டுகிறான். வாங்கித் தரலாமா?
(வாணியம்பாடியிலிருந்து ஒரு தந்தை)

பதில்: இப்போது வேண்டாம். மடங்குக் கணக்கை நம்பி நான் வாங்கிய கருவிதான் என் பரணில் நீளமான பெட்டி. தொலைநோக்கியில் பார்க்க வேண்டியது முன்வில்லையின் அகலம். ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் படம் மங்கலாகத்தான் தெரியும். அறுபது மில்லிமீட்டர் வில்லைக்கு நூற்றிருபது மடங்கே எல்லை. அதிலும் நம் ஊர் மொட்டைமாடி பகல் முழுவதும் குடித்த வெயிலை இரவு பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். அந்த அனல் காற்றின் வழியே பார்த்த சந்திரன் எனக்குக் கொதிக்கும் கஞ்சிபோலத் தளும்பிக்கொண்டே தெரிந்தது.

10×50 அளவுள்ள, அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும் ஐம்பது மில்லிமீட்டர் வில்லை கொண்ட பைனாகுலர் ஒன்று போதும், அதையும் முதலில் இரவல் வாங்குங்கள். வெறும் கண்ணுக்கு ஆறு புள்ளியாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம் அதில் பல பத்து நட்சத்திரங்களாகச் சிதறும். கையை அசைக்காமல் மதில்மேல் ஊன்றிக்கொண்டால் வியாழனின் நான்கு நிலவுகளும் தெரியும்.

அதற்கும் முன்னால் மகனை அழைத்துக்கொண்டு காவலூர் வானாய்வகத்துக்குப் போய் வாருங்கள். ஆலங்காயம் வழியாக உங்களுக்கு அது பக்கத்து ஊர்தான். ஜவ்வாது மலையின் இருட்டையும், பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் தென்வானமும் தெரியும் என்பதையும் கருதி வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்த இடம் அது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதைக் கண்காணித்துக்கொண்டிருந்தபோது, கோள் வருவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சற்றே குறைந்து மீண்டதை இங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அந்த இரவில்தான். 1986-இல் திறக்கப்பட்டு இன்று பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியை உங்கள் மகன் அண்ணாந்து பார்க்கட்டும். 1988-இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. திரும்பி வரும் வழியில் அவன் என்ன கேள்வி கேட்கிறான் என்பதை வைத்து மற்றதை முடிவு செய்யலாம்.

கேள்வி: பொழுதுபோக்கிலேயே பணம் சம்பாதிக்கலாம் என்கிறார்களே, நீங்கள் ஏன் முயலவில்லை?
(ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முயன்றேன். இரண்டு நண்பர்களுக்கு விசைப்பலகை கட்டிக் கொடுத்துக் காசு வாங்கினேன். மூன்றாவதாக வாங்கியவர் இரவு பதினொரு மணிக்கு அழைத்து, 'ஸ்பேஸ் பார் கிறீச்சிடுகிறது' என்றார். எனக்கு ஏற்கெனவே ஓர் அலுவலகம் இருக்கிறது.

கேள்வி: தோல் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பொழுது போகவில்லை என்றால் கணினி கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள் பிள்ளைகள். இந்த வயதில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?
(இராணிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஐயா, கணினியைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களிடம் இருக்கும் சரக்கை இறக்கி வைக்க ஒரு பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலத்துச் சொற்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை இருந்தன! சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவதிலிருந்து உலர்த்தித் தரம் பிரிப்பது வரை ஒவ்வொரு படிக்கும், ஒவ்வொரு குறைக்கும், ஒவ்வொரு கருவிக்கும் தொழிலாளர்கள் வாயில் ஒரு பெயர் இருந்திருக்கும். அவற்றில் எத்தனை அச்சில் ஏறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்களைப் போன்றவர்கள் எழுதாவிட்டால் அவை உங்கள் தலைமுறையோடு போய்விடும்.

தட்டச்சுக்குப் பயப்பட வேண்டாம். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' விசைப்பலகை முறையில் உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம் இருக்கின்றன. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழ் அடிக்கும் முறையைப் பிள்ளைகள் சொல்லிக் கொடுப்பார்கள். ஆங்கிலத்தின் வழியே போகாமல் நேராகத் தமிழில் எண்ணித் தட்டுவதே உங்களுக்கு வசதி. நாளொன்றுக்கு ஐந்து சொல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். உடன் வேலை செய்தவர்களை மாலையில் தேநீருக்கு அழைத்துக் கேளுங்கள். இது உங்களுக்கும் ஒரு மாதத்தில் சலித்துப்போனால், போகட்டும். நூற்றைம்பது சொல்லாவது சேர்ந்திருக்கும்.

கேள்வி: இப்போது எந்த ஆசையில் இருக்கிறீர்கள்?
(காட்பாடியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முள் கத்தரி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடிக் கத்தரிக்காய்தான். மொட்டைமாடியில் ஐந்து தொட்டிகளில் நாற்று வைத்தேன். சித்திரை வெயிலில் இரண்டு கருகின. ஒன்றை மாவுப்பூச்சி தின்றது, புளித்த மோரைத் தெளித்தும் பயனில்லை. மீதி இரண்டு நிற்கின்றன. சென்ற ஞாயிறன்று முதல் காயைப் பறிக்கப்போய், காம்பில் இருக்கும் முள்ளை மறந்து கட்டைவிரலில் குத்திக்கொண்டு, இரண்டு நாள் ஒற்றை விரலால் நிரல் எழுதினேன். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு எட்டுக் காயாவது வேண்டும் என்கிறார் மனைவி. இதுவரை மூன்று பறித்திருக்கிறோம். நான்காவது செடியில் இருக்கிறது.